முதுமையின் நினைவும் இரவின் துயிலும்

தமிழ் இலக்கியம் துயிலின்பால் சற்றுக் கடுமை காட்டியே வந்திருக்கிறது. அழிவை நாடுவோர் விரும்பி ஏறும் கலங்கள் நான்கனுள் துயிலையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். ஔவையாரோ விடியுமுன் எழச் சொன்னார். இவ்விரண்டையும் இளமையிலேயே மனனம் செய்துவிட்ட நமக்கு, உறக்கம் என்றவுடன் சோம்பல் நினைவுக்கு வருகிறதேயன்றி உடல்நலம் நினைவுக்கு வருவதில்லை. வள்ளுவர் கடிந்தது மடியோடு கூடிய அளவிறந்த துயிலை என்பதையும், வைகறையில் எழ வேண்டியவன் முன்னிரவிலேயே படுத்திருக்க வேண்டும் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்குறட்பாவின் பட்டியலில் மறதியும் துயிலும் சேர்ந்தே நிற்கின்றன. இன்றைய மருத்துவமும் அவ்விரண்டையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் கணக்குத் தலைகீழாக இருக்கிறது. துயில் மிகுந்தவனுக்கு அன்று, துயில் குறைந்தவனுக்கே மறதி விரைந்து வரக்கூடும் என்பது அதன் கருத்து.

முதியோரின் உறக்கக் குறைவை 'வயதானால் அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுவது தவறு என்பதும், அவ்வுறக்கத்தை வயது பறிப்பதைக் காட்டிலும் நம் ஊரின் தொழில் முறையும் நம் வீடுகளின் நடைமுறையுமே மிகுதியாகப் பறிக்கின்றன என்பதும் என் துணிபு. இதைப் பொதுவாகச் சொல்லிச் செல்வதினும், நான் கண்ட ஒருவரை முன்னிறுத்திச் சொல்வதே பொருத்தம்.

என் பெரியத்தா திண்டுக்கல்லைச் சூழ்ந்துள்ள நூற்பாலைகளுள் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ரிங் பிரேம் பகுதியில் அறுந்த நூலை இணைத்துவிடுவது அவர் பணி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். இரவு வேலை முடிந்து காலையில் வருபவர், குழந்தைகளின் கூச்சலுக்கும் பாத்திர ஓசைக்கும் நடுவே, ஓட்டுக் கூரையின் வெக்கையில் நான்கு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதிகம். 'எனக்கு நாலு மணி நேரம் போதும்' என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. நாங்களும் அதை ஓர் ஆற்றலாகவே வியந்தோம். எழுபதை நெருங்கியபோது சாவி வைத்த இடம் மறந்தது; பின்னர்ப் பேரன் பெயர் மறந்தது; பள்ளிவாசலில் தொழுகையின் ரக்அத் கணக்குத் தவறி, முடிந்ததா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கலானார். இப்போது நள்ளிரவில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டிபன் கேரியரைத் தேடுகிறார். சங்கு ஊதிவிட்டதாம். பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இல்லாத நூலைத் திரித்து இணைத்துக்கொண்டே இருக்கின்றன.

அவருடைய நோய்க்கு இரவு வேலைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு இரத்தக் கொதிப்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு. தனியொருவரை வைத்து எந்த மருத்துவரும் அப்படித் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த நாலு மணி நேரப் பெருமையை நாங்கள் அன்று கேட்டுக்கொண்டிருந்திருக்கக் கூடாது என்று இன்று தோன்றுகிறது.

முதுமை மறதிநோய், அதாவது டிமென்ஷியா, பெரியத்தா ஒருவரின் துன்பமன்று. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயோடு வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு காட்டிற்று. தமிழகத்திலோ முதியோரின் பங்கு விரைந்து பெருகுகிறது. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 10.4 பேர் 60-ஐக் கடந்தவர்கள். 2031-இல் இது 18-ஐத் தாண்டும் என்பது மக்கள்தொகை வல்லுநர்களின் கணிப்பு. இன்று இக்கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் பெற்றோருள் சிலரும் அன்று அந்த எண்ணுக்குள் இருக்கக்கூடும்.

துயிலுக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு? பகலில் கண்டதும் கேட்டதும் மூளையின் உட்பகுதியில் கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பில் முதலில் தங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தின்போதே அவை மூளையின் புறணிக்கு மாற்றப்பட்டு நிலைபெறுகின்றன. கடைக்காரர் பகலெல்லாம் துண்டுச் சீட்டில் குறித்ததை இரவில் பேரேட்டில் ஏற்றுவது போன்றது இது. பேரேட்டில் ஏற்றாத சீட்டுகள் காற்றில் பறக்கும். வயது ஏற ஏற இந்த ஆழ்துயிலின் அளவு குறைகிறது என்பது உண்மையே. ஆயின், முதியோருக்கு உறக்கமே குறைவாகத்தான் தேவை என்பது உண்மையன்று. 65 வயதைக் கடந்தவருக்கும் 7 முதல் 8 மணி நேரம் வேண்டும் என்பதே மருத்துவர் பரிந்துரை. அவர்களுக்குக் குறைவது உறங்கும் ஆற்றல். தேவை பெரிதும் குறைவதில்லை.

இன்னொரு தொடர்பும் பேசப்படுகிறது. அல்சைமர் நோயாளியின் மூளையில் அமிலாய்டு என்னும் புரதக் கசடு படிந்திருக்கும். மூளை தன் கழிவுகளை உறக்கத்தின்போது கழுவி வெளியேற்றுகிறது என்று 2013-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் எலிகளிடம் கண்டறிந்தனர். உறங்கும் எலியின் மூளையில் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளி 60 விழுக்காட்டளவு அகன்றதாம். 2018-இல், நலமாக இருந்த 20 பேரை ஓரிரவு விழித்திருக்கச் செய்து பார்த்தபோது, அவர்களின் மூளையில் அமிலாய்டு அளவு சற்றே உயர்ந்திருந்தது. இதைப் படித்தவுடன் 'உறக்கமே மூளையின் துப்புரவுப் பணியாளர்' என்று எழுதிவிடத் தோன்றும், பலர் எழுதியும்விட்டனர். ஆனால் 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் எலிகளிடம் செய்த ஆய்வில், உறக்கத்தின்போது இக்கழுவுதல் குறைகிறது என்ற மாறுபட்ட முடிவே கிட்டியது. வழக்கு இன்னும் முடியவில்லை.

மனிதர்களை நெடுநாள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளே எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடரும் ஆய்வொன்று உண்டு. அவர்களுள் ஏறத்தாழ எண்ணாயிரம் பேரின் உறக்கக் கணக்கு 2021-இல் வெளியாயிற்று. 50, 60, 70 ஆகிய வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதனினும் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் உறங்கியவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதன் சிறப்பு, ஐம்பது வயதிலேயே கணக்குத் தொடங்குவது. முதுமையில் மட்டும் பார்த்தால், உறக்கம் கெட்டதால் நோய் வந்ததா, உள்ளே தொடங்கிவிட்ட நோயால் உறக்கம் கெட்டதா என்று பிரித்தறிய இயலாது. இரண்டுமே நடக்கின்றன என்பதுதான் மருத்துவர்கள் கொள்வது. முன்பு இயல்பாக உறங்கியவர் திடீரென ஒன்பது, பத்து மணி நேரம் உறங்கத் தொடங்குவதும் சில வேளைகளில் நோயின் முன்னறிவிப்பு ஆகலாம்.

நேர்மையாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மறதிநோயைத் தடுப்பது பற்றி ஆராயும் லான்செட் இதழின் குழு 2024-இல் மாற்றத்தக்க காரணங்கள் 14-ஐப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. அப்பட்டியலில் உறக்கம் இல்லை. சான்று போதவில்லை என்பதே காரணம். ஆயினும் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், உடற்பருமன், மனச்சோர்வு ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன. இந்நான்கனோடும் உறக்கக் கேட்டுக்கு நெருங்கிய உறவு உண்டு. முன்வாயிலில் அனுமதி மறுக்கப்பட்டவன் பின்வாயில் வழியே உள்ளே இருக்கிறான் என்றே நான் கொள்கிறேன்.

இனி நம் பகுதிக்கு வருவோம். மனித உடலின் காலக் கணக்கைப் பற்றிய அரிய ஆய்வுகள் நம் பக்கத்து ஊராகிய மதுரையிலேயே நடந்தன என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மா. கி. சந்திரசேகரன் முதலில் மதுரையை அடுத்த குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார். ஒளி புகாத குகையிலும் அவை நேரம் தவறாமல் விழித்தன. பின்னர் மனிதர்களுக்கென்றே ஒரு தனியறை அமைத்தார். கடிகாரமும் நாளிதழும் வானொலியும் கதிரவன் ஒளியும் இல்லாத அவ்வறையில் தன்னார்வலர்கள் பல நாள்கள் தங்கினர். வெளி அடையாளம் எதுவுமின்றியே உடல் தானாக உறங்கி விழித்தது. அதன் நாள் 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி ஓடியது. உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அதை நாள்தோறும் வெளிச்சம் வந்து திருத்திவைக்கிறது என்பது இத்தகைய ஆய்வுகளின் சாரம். உயிரினங்களில் அக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கடிகாரத்தை எதிர்த்தே நம் வட்டாரத்தின் பிழைப்பு நடக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் கதிர்கள் இரவிலும் நிற்பதில்லை. நிலக்கோட்டையில் மல்லிகை மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும். பறிக்கும் பெண்கள் இருள் பிரியுமுன்னே தோட்டத்தில் இருப்பர். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி கேரளத்துக்குப் போக லாரி ஓட்டுநர்கள் இரவெல்லாம் விழிக்கிறார்கள். இவற்றை நிறுத்திவிடுங்கள் என்று எழுதுவது எளிது. அது பிழைப்பறியாதவன் பேச்சு. ஆனால் விலை என்ன என்று கேட்கலாமன்றோ? பிரான்சின் தென்பகுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பத்தாண்டுகள் சோதித்த ஆய்வு அவ்விலையைக் கணக்கிட முயன்றது. பத்தாண்டுகளுக்கு மேல் மாற்றுப் பணிமுறையில் உழைத்தவர்களின் அறிவாற்றல், ஆறரை ஆண்டு கூடுதலாக மூப்படைந்ததற்கு ஒப்பாக இருந்தது. அம்முறையை விட்டு விலகி ஐந்தாண்டுகளேனும் கழிந்தவர்களிடம் இழந்தது மீளும் அறிகுறியும் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதில் இரவுப் பணியிலிருந்து ஒருவரை விடுவிப்பது வெறும் இரக்கச் செயல் அன்று என்பதற்கு இந்த இரண்டாம் முடிவே சான்று.

பெண்களின் இரவுப் பணிக்குத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் நீக்கியபோது சில நிபந்தனைகளை விதித்தது. அவற்றுள் ஒன்று, பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கும் இரவிலிருந்து பகலுக்கும் மாற்றும்போது இடையில் 12 மணி நேரமாவது தொடர்ச்சியான ஓய்வு இருக்க வேண்டும் என்பது. பாதுகாப்பும் வாகன வசதியும் பற்றிப் பேசுவோர் இந்த நிபந்தனையைப் பேசுவதில்லை. ஆண், பெண் எனும் வேறுபாடின்றி எல்லா ஆலைகளிலும் இது கடைப்பிடிக்கப்பட வேண்டும். நம் சமுதாயப் பெரியோர்களுள் ஆலைகளோடும் தோல் பதனிடும் தொழிற்கூடங்களோடும் தொடர்புடையோர் பலர் உள்ளனர். அவர்கள் முன்னின்றால் இது நடவாத காரியமன்று.

ஆலையைக் குறை சொல்லிவிட்டு வீட்டை விட்டுவிட முடியாது. நம் வீடுகளில் முதியவரின் கட்டில் எங்கே கிடக்கிறது? பெரும்பாலும் கூடத்தில். தொலைக்காட்சியும் அங்கேதான். மருமகளின் தொடர்கள் முடிந்தபின் பிள்ளைகளின் கிரிக்கெட்டு. அதுவும் முடிந்தபின் வாசலில் பேச்சு. விளக்கு அணைய பதினொன்று ஆகிறது. முதுமையில் உடற்கடிகாரம் முன்னோக்கி நகரும். எட்டரைக்கே கண் சொருகும், நாலுக்கே விழிப்பு வரும். இடையில் சிறுநீருக்கு இருமுறை எழுந்தது போக அவருக்குக் கிடைப்பது நான்கரை மணி நேரம். காலையில் வெளிச்சமில்லாத மூலையில் நாற்காலியில் அமர்ந்தபடியே தூங்கி விழுகிறார். உடனே, 'பகலெல்லாம் தூங்கினால் இராத்திரி எப்படித் தூக்கம் வரும்?' என்ற ஏச்சு. இக்கேள்வியில் உண்மை உண்டு. ஆனால் கேட்பவருக்குக் கேட்கத் தகுதி இல்லை. இஷாத் தொழுகைக்குப் பின் வீண்பேச்சில் அமராமல் படுக்கைக்குச் செல்வதும், நண்பகலில் சிறிது கண்ணயர்வதும் நம் முன்னோர் போற்றிய ஒழுக்கங்கள். முதியவரின் கடிகாரத்துக்கு அவை முற்றும் இசைந்தவை. இஷாவுக்குப் பின்தான் நம் தெருக்களில் தேநீர்க் கடைகள் களைகட்டுகின்றன, வீட்டுக்குள்ளோ கைப்பேசி.

இந்த ஏச்சின் அடுத்த படி மாத்திரை. யாரோ ஒருவருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியோ, காட்டாமலோ, கடையில் தூக்க மாத்திரை வாங்கி வருகிறோம். அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை 2014 முதல் தனி அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன. மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் மருந்துக்கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? அவை முதியோரின் நடையைத் தள்ளாடச் செய்யும். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இத்தகைய மாத்திரை காரணமாவதுண்டு. மறதியையும் குழப்பத்தையும் அவையே வளர்க்கும். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகள் தூக்கம் தருவதால் அவற்றையே நாள்தோறும் கொடுப்பாரும் உளர். அவையும் முதிய மூளைக்கு ஆகா. நெடுநாள் உட்கொண்டவரிடமிருந்து தூக்க மாத்திரையைத் திடீரெனப் பறிப்பதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

குறட்டையை நாம் நிம்மதியான உறக்கத்தின் அடையாளம் என்று எண்ணுகிறோம். உரத்த குறட்டை, நடுவே சில நொடி மூச்சு நின்று, திணறி மீண்டும் தொடங்குமானால் அது நோய். இரவில் பன்முறை மூளைக்கு உயிர்வளி குறைகிறது; இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. பருத்த கழுத்துடைய ஐம்பது வயதினர் பலரிடம் இது உண்டு. இதற்கு நல்ல மருத்துவமும் உண்டு. பக்கத்தில் படுப்பவரே இதை முதலில் அறிவார். அவரைக் கேட்டறிவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் கொதிப்பையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்க வழிசெய்தது. அத்தகைய வருகையின்போது 'எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை முறை எழுகிறீர்கள், குறட்டை உண்டா' என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளச் செலவு ஏதும் இல்லை.

மாணவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் விழித்துப் படிப்பவரின் துண்டுச் சீட்டுகள் பேரேட்டில் ஏறுவதில்லை. இருபது வயதில் அதன் இழப்பு ஒரு மதிப்பெண் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. பழக்கம் ஐம்பது வரை உடன் வருகிறது.

பெரியத்தாவின் கட்டிலைச் சென்ற ஆண்டு கூடத்திலிருந்து பின்னறைக்கு மாற்றினோம். காலையில் மலைக்கோட்டை அடிவாரம் வரை வெயிலில் நடத்திச் செல்வது பேரனின் வேலை. பிற்பகல் தேநீரை நிறுத்திவிட்டோம். நோய் குணமாகவில்லை, ஆகாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் எழுந்து சட்டை தேடியவர் இப்போது ஒன்றிரண்டு நாள்தான் எழுகிறார். முன்பெல்லாம் வீடே கூடி, 'மில்லும் இல்லை, ஒன்றும் இல்லை' என்று அவரோடு வாதாடும். அவர் சினந்து கத்துவார். இப்போது பெரியம்மா மட்டும் எழுந்து, 'இன்னைக்கு மில்லு லீவுங்க, படுங்க' என்கிறார். அவரும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.